காசு கொடுத்தவர்களின் சுருதி

இசைக்கூடு இனி எல்லாருக்கும் இலவசம் என்ற செய்தியைச் செண்பகவடிவுக்கு முதலில் சொன்னவன் கீபோர்டு வாசிக்கும் ஜெபதாஸ். மணிக்கரிசல் இரயிலடிச் சாலையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு கோவில்கொடைப் பாட்டின் உறுமி ஓசையைக் கணினியில் அவள் சீராக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றான்.

“கம்பெனிய வித்துட்டாங்களாம்க்கா. வாங்குனது ஏதோ வெளிநாட்டுக்காரன். இனிமே எவன் வேணும்னாலும் சும்மா இறக்கிக்கிடலாமாம்.”

“செருப்ப வெளியில விட்டுட்டு வந்து சொல்லு,” என்றாள் செண்பகவடிவு.

அவன் வெளியே போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்து, அதையே இன்னொரு முறை சொன்னான். செய்தி மாறவில்லை.

இசைக்கூடு என்பது பாட்டுகளைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, மெருகேற்றும் மென்பொருள். சென்னை நிறுவனம் ஒன்று அதைச் செய்து விற்றது. விலையைக் கேட்டவர்கள் முதலில் உட்கார ஒரு நாற்காலியைத் தேடினார்கள். மணிக்கரிசலிலும் சுற்றுவட்டாரத்திலும் கொடைப் பாட்டும் காதுகுத்துப் பாட்டும் ஆட்டோவில் ஊர்சுற்றும் ஜவுளிக் கடை விளம்பரமும் பதிந்து பிழைத்த கூடக்காரர்களில், திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்களே மிகுதி. காசு கொடுத்து வாங்கியவர்கள் சிலரே. அச்சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மெல்லிசைக் குழுக்களில் பாடிப் பாடிச் சேர்த்த பணத்தைக் கொண்டு, அந்த வட்டாரத்திலேயே முதல் ஆளாக இசைக்கூட்டை வாங்கியவள் என்பதால், சங்கம் தோன்றிய நாள்முதல் செண்பகவடிவே அதன் தலைவி. திருட்டுப் பிரதி வைத்திருப்பவன் வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் போவாள், பிள்ளைகளை வாயார வாழ்த்துவாள், கை நனைக்காமல் திரும்பிவிடுவாள்.

செய்தி பரவிய அன்று காசு கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நொந்தார்கள்: ஒருவர் பணத்தைத் திருப்பித் தரும்படி வெளிநாட்டுக்குப் பதிவுத் தபால் அனுப்பினார், முகவரி தெரியாமல் நாட்டின் பெயரை மட்டும் எழுதினார், ஒருவர் உரிமத்தின் அடையாளமாகக் கணினியில் செருகியிருந்த கட்டைவிரல் அளவுப் பச்சைப் பூட்டைப் பிடுங்கி எறிந்து, மனம் கேட்காமல் தேடியெடுத்துத் துடைத்துத் திரும்பவும் செருகினார், காசு கொடுக்காதவர்களோ பேருந்து நிலையத்தில் லட்டு வழங்கினார்கள், எல்லாருக்கும் ஒன்று, காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் இரண்டு.

அந்த இரண்டு லட்டையும் தின்று முடித்துவிட்டுத்தான் சங்கச் செயலாளர் தளவாய் கூட்டத்துக்கு வந்தார். அவர் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய ஒலிபெருக்கிகளும் உடையவர்; தலைவர் நாற்காலிமேல் நெடுநாள் ஆசையும் உடையவர்.

“ஏமாந்தவங்க சங்கம்னு போர்டை மாத்திருவோமா, தலைவரம்மா?”

“போர்டு அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. அவன் சும்மா கொடுக்கான்னா, நாம கொடுத்தது சும்மாயிருமா?”

“ஆகாதுதான். ஆனா கொடுத்தோம்கிறதுக்கு இனிமே என்ன அத்தாட்சி? பில்ல எல்லாம் எப்பவோ கரையான் தின்னுட்டு.”

அத்தாட்சி அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. காசு கொடுத்தவர்களின் நெஞ்சிலிருந்து சுருதி ஒலிக்கத் தொடங்கிற்று.

தம்புராவை யாரோ பக்கத்து அறையில் மீட்டிக்கொண்டே இருப்பதைப் போன்ற ரீங்காரம் அது; வாய் மூடியிருந்தாலும் ஒலித்தது, உண்ணும்போதும் உறங்கும்போதும் ஒலித்தது, அவரவர் குரல் எந்தக் கட்டையில் இயல்பாக நிற்குமோ அந்தக் கட்டையிலேயே, கூடாமலும் குறையாமலும் ஒலித்தது. தளவாய்க்கு ஒன்றரைக் கட்டை. அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அது தொடங்கியது. அடுக்களையிலிருந்து அவர் மனைவி, “தொட்டி நெறஞ்சாச்சு, மோட்டார நிறுத்துங்க,” என்று குரல் கொடுத்தாள். அரசு மருத்துவர் குழலை அவர் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி நெடுநேரம் கேட்டுவிட்டு, அடுத்து நின்ற நோயாளியையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதம், புதிதாக ஒரு பேருந்து விட்டால் பழகிக்கொள்ளும் விதந்தான். ஒரு கட்டைக்காரரும் ஒன்றரைக் கட்டைக்காரரும் அருகருகே அமர்ந்தால் மற்றப் பயணிகளுக்குப் பல் கூசுகிறது என்று நடத்துநர்கள் அவர்களைப் பிரித்து உட்காரவைத்தார்கள். முகூர்த்த வீடுகளில் நாயனக்காரர்கள் சுருதிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பொருத்தமான கட்டையுடைய ஒருவரைப் பட்டுவேட்டி கட்டிப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டார்கள். இழவு வீடுகளில், ஒப்பாரி வைக்கும் பெண்கள் எந்தக் குரலில் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டே ஒலித்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். கணவன் எங்கே போனான் என்று எந்த மனைவியும் அதற்குப்பின் கேட்கவேண்டியிருக்கவில்லை. திருடாதவன் ஒலிப்பான் என்பது பெண் பார்க்கும் வீடுகளில் ஒரு தகுதியாகவே ஆகிவிட்டது.

சோடாக் கடைத் தெய்வநாயகமும் ஒலிப்பது தெரியவந்தபோதுதான் ஊருக்கு இன்னொன்று தெளிவாயிற்று. அவர் கணினியைத் தொட்டவரே அல்லர். தம் மகனுக்காகப் பணம் கட்டியவர். மகன் ஊமையாக நடமாட, தகப்பனார் சோடாப் புட்டிகளுக்கு நடுவே இரண்டு கட்டையில் ரீங்கரித்தார். ஆகவே ஒலிப்பது யார் பெயருக்கு வாங்கினார்களோ அவர் நெஞ்சன்று, யார் உழைப்பின் காசோ அவர் நெஞ்சு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒலித்தவர்களுக்கு ஒரேயொரு இடைஞ்சல் இருந்தது. அவர்கள் ஒலிவாங்கிக்கு அருகே போக முடியவில்லை. ஆறு கட்டையில் பாடும் பெண்ணின் தாலாட்டுக்குள் தளவாயின் ஒன்றரைக் கட்டை கலந்து ஓடியது. அதை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியவில்லை, இசைக்கூட்டாலும்கூட.

செண்பகவடிவு ஒலிக்கவில்லை.

பாட்டுப் பதியும் முன்னர் கூடத்தில் இருக்கும் அனைவரையும் அசையாமல் நிற்கச் செய்து, வெறும் அறையின் மௌனத்தைச் சிறிது நேரம் பதிந்துகொள்வது அவளுடைய முறை; அந்த மௌனம் கையில் இருந்தால்தான் பின்னர் விசிறியின் ஓசையையும் தெருவின் ஓசையையும் பாட்டிலிருந்து கழிக்கலாம். அந்த வெள்ளிக்கிழமைக்குப்பின் அவள் தனியாகவே கதவைச் சாத்திக்கொண்டு நின்று அறையின் மௌனத்தைப் பதிந்தாள், காதில் மாட்டிக் கேட்டாள். இதயம் அடித்தது. சுருதி இல்லை. அவள் தன் பணத்தைத்தான் கொடுத்தாள். மதுரைக்குப் போய் வங்கி வரைவோலை எடுத்துச் சென்னைக்கு அனுப்பும்படி தன் அண்ணன் சிவனணைந்தானின் கையில் எண்ணிக் கொடுத்தாள். பச்சைப் பூட்டு தபாலில் வந்து சேர்ந்தது. இதில் எந்த இடத்தில் பிழை நுழைய முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

தேநீர்க் கடையில் அவளைக் கண்டதும் லட்டுக்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். “அக்கா நம்ம கட்சிதான்னு தெரியாமப் போச்சே. முன்னாடியே சொல்லியிருந்தா உங்களையே தலைவரா வச்சிருப்போமே.”

“ஒங்க கட்சிக்குத் தலைவர் எதுக்குடா, பூட்டு உடைக்கிறவன் ஒருத்தன் போதாதா?” என்று சொல்லிவிட்டுத் தேநீரை முழுவதும் குடித்துவிட்டே அவள் எழுந்தாள். ஆனால் அன்று படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஜெபதாஸுக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, உள்ளங்கை அளவுல சுருதிப் பெட்டி வந்திருக்கு. இடுப்புல செருகி, மேல சேலைய மூடிக்கிட்டீங்கன்னா எவனுக்குத் தெரியப்போவுது?”

“எந்தக் கட்டையில வைக்கணும்ங்கே?”

“அஞ்சரைதான். பொம்பளைக் குரல்லா.”

“சரி. அதை அஞ்சரையில வச்சு நீயே இடுப்புல செருகிக்கிட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வா, வேலை கிடக்கு.”

சில நாள் கழித்துத் தளவாய் வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய ஒன்றரைக் கட்டை படியேறி வந்துவிட்டது. உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்த பின்புதான் அவர் பேச்சை எடுத்தார்.

“தீர்மானம் போட்டாச்சும்மா. மாசாந்திரக் கரண்டு நிறுத்தம் வருதுல்லா, அன்னைக்கு மண்டபத்துல கூடுதோம். ஃபேன் கிடையாது, மில்லு கிடையாது, ஊரே அமைதியா இருக்கும். ஒவ்வொரு ஆளா எந்திரிச்சு நிக்கணும். ஒலிக்காதவங்க பேரைச் சங்கத்துல இருந்து அடிச்சிரணும்.”

“அடிச்சா?”

“கள்ளப் பிரதின்னு போர்டுல எழுதணும்னு ரெண்டு பேரு நிக்காங்க. நான் உங்கள நம்புதேன். ஆனா நம்புதேன்னு சொல்லும்போதே இந்த நெஞ்சு போடுத சத்தத்தப் பாருங்க, எனக்கே கூச்சமா இருக்கு.”

“கூச்சப்படாதீங்க அண்ணாச்சி. நான் வருவேன்,” என்றாள் செண்பகவடிவு. பெயரில் ஒரு கீறல்கூட விழாமல் வாழ்ந்தவள் அவள். அப்பெயர் கரும்பலகையில் திருடர் வரிசையில் எழுதப்படுவதை நின்று பார்க்கப்போகிறோம் என்று தெரிந்தும், கூட்டத்துக்கு உடுத்தவேண்டிய சேலையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டே அவள் அன்று உறங்கினாள்.

மின்நிறுத்த நாளன்று காலை ஒன்பது மணிக்கு மணிக்கரிசலின் விசிறிகளும் மாவு மில்லும் தறிகளும் தொலைக்காட்சிகளும் ஒருசேர நின்றன. அடியில் கிடந்த சிற்றொலிகள் மேலெழும்பி வந்தன. காக்கை கூரையில் நடப்பது கேட்டது, பக்கத்துத் தெருவில் ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுரண்டுவது கேட்டது. மண்டபத்துக்குப் போகும் வழியில்தான் அண்ணன் வீடு. அவ்வீட்டில் மதினி உலகம்மாள், சுருதி தொடங்கிய அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து, காலைமுதல் மாலைவரை மாவரைக்கும் எந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அரைத்த மாவு அண்டா நிறைந்து குடம் நிறைந்து வழிந்ததால் விற்கத் தொடங்கியிருந்தாள். ஊரில் பாதிப்பேர் அவள் மாவில்தான் இட்டிலி அவித்தார்கள். மதினிக்கு இந்த வயதில் வியாபார ஆசை வந்துவிட்டதே என்று செண்பகவடிவும் வியந்து, தானும் வாங்கி அவித்திருந்தாள்.

அன்று எந்திரம் ஓடவில்லை. அதனடியில் இத்தனை நாளும் புதைந்துகிடந்தது வாசல்வரை வந்து நின்றது. ஐந்தரைக் கட்டை, பெண் குரலின் ஆதார சுருதி, இம்மியும் பிசகாத ரீங்காரம்.

செண்பகவடிவு உள்ளே போனாள். அடுக்களையில் உலகம்மாள் நின்றுபோன எந்திரத்தின் அருகே, பித்தளைக் குடம் ஒன்றைப் புளிபோட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். குடம் ஏற்கெனவே கண்ணாடிபோல் இருந்தது.

“யாரு, வடிவா? கரண்டு எப்ப வருமாம்?”

“சாயங்காலந்தான் வரும். குடத்தைக் கீழ வையுங்க, மதினி.”

உலகம்மாள் வைத்தாள். அதன்பின் அந்த வீட்டில் வேறு ஓசை இல்லை. அவள் நெஞ்சின் ஓசை மட்டுமே இருந்தது. முற்றத்து நாற்காலியில் நாளிதழை விரித்துப் பிடித்தவாறு முகத்தை மறைத்திருந்த கணவனை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

சிவனணைந்தான் நாளிதழைப் பொறுமையாக மடித்தார். “ஈமு கோழி,” என்றார். அவ்வளவுதான் சொன்னார், எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

செண்பகவடிவு இசைக்கூடு வாங்கிய ஆண்டில் மாவட்டமெங்கும் அந்தப் பறவையின்மேல் பித்துப் பிடித்து அலைந்தார்கள். பணத்தைப் போட்டால் கோழியும் தந்து, கோழியை வளர்க்க மாதச் சம்பளமும் தருவதாக ஒருவன் கடைவிரித்திருந்தான். வரைவோலைக்கு என்று தங்கை கொடுத்த பணத்தை, ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கித் தங்கையை வியக்கவைப்பது என்ற நல்லெண்ணத்தோடு சிவனணைந்தான் அவனிடம் கொடுத்தார். கடைக்காரன் மறைந்தான்; மிஞ்சிய இரண்டு பறவைகளும் சுற்றுச்சுவரை உதைத்துச் சாய்த்துவிட்டுப் புறவழிச்சாலையில் ஓடின. கணவர் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, உலகம்மாள் தான் தையல் தைத்துக் கட்டிவந்த சீட்டைத் தள்ளுபடிக்கு எடுத்து, மதுரைக்குத் தனியாகப் போய், வங்கி வரிசையில் நின்று, தன் காசில் வரைவோலை வாங்கி அனுப்பினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீ உங்க அண்ணன்கூடப் பேசமாட்ட. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்துக்கிடுதேன். நீ ஏதாவது ஒரு பெட்டியை வாங்கி வச்சுக்கிட்டுப் போய் நில்லு. உன் பேருக்கு ஒண்ணும் வரக்கூடாது.”

செண்பகவடிவு மதினியின் கையிலிருந்த புளியைத் தானே கழுவிவிட்டாள். “சேலைய மாத்துங்க. எங்கூட வாறீங்க.”

மண்டபத்தில் கட்டை வாரியாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செண்பகவடிவின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்றாள். ஊரே அமைதியாக இருந்தது, அவளும் அமைதியாக இருந்தாள்.

“நான் ஒலிக்கல. உரிமம் என் பேருல இருக்கு, காசு என்னோடது இல்ல. அது எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். காசு கொடுத்தவங்க வாசல்ல நிக்காங்க. கேட்டுக்கிடுங்க.”

உலகம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள். மற்றவர்கள் மரியாதைக்காகத் தங்கள் நெஞ்சைத் துண்டால் பொத்திக்கொண்டார்கள். தளவாய் மட்டும், செயலாளர் என்ற முறையில், பொத்தாமல் நின்றார். அவருடைய ஒன்றரைக் கட்டைக்கு மேலே அவளுடைய ஐந்தரைக் கட்டை வந்து அமர்ந்தது, சட்ஜத்தின் மேல் பஞ்சமம் அமர்வதைப்போல. நாள்முழுவதும் சுருதி சேர்த்த தம்புராவில்கூட அப்படியொரு சேர்க்கையை அவர்கள் கேட்டதில்லை.

“சேருதே,” என்றார் தளவாய். 

தலைவர் நாற்காலியை உலகம்மாளுக்கே கொடுத்துவிடலாம் என்று பாயில் இருந்தவர்கள் ஏகமனதாகச் சொன்னார்கள். அவள் அந்த நாற்காலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அரிசி ஊறப்போட்டிருக்கேன், கரண்டு வந்ததும் அரைக்கணும்,” என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பினாள். ஆகவே தளவாய் அதில் அமர்ந்தார்; நெடுநாள் ஆசைப்பட்ட நாற்காலி தாம் நினைத்ததைவிடச் சிறியது என்று அன்று மாலை மனைவியிடம் சொன்னார். செண்பகவடிவு உறுப்பினர் பாயிலிருந்தும் எழுந்து, தலை நிமிர்ந்து, நடந்தே வீட்டுக்குப் போனாள். 

கொடைக் காலம் வந்தது. ஒலித்தவர்களால் பதிய முடியவில்லை. லட்டு வழங்கியவர்களிடம் சாமி பாட்டைக் கொடுக்கக் கோவில் கமிட்டிகளுக்கு மனம் வரவில்லை. வட்டாரத்தில் ஒலிக்காதவளாகவும் திருடாதவளாகவும் இருந்தவள் ஒருத்தியே; எல்லாப் பாட்டும் மருந்துக் கடை மாடிக்கு வந்தன. தளவாயே தம் ஊர்க் கொடைப் பாட்டைக் கொண்டுவந்து, தெருவின் மறுகோடியில் நின்றுகொண்டு, ஜெபதாஸிடம் சைகையால் திருத்தம் சொன்னார். செண்பகவடிவு எவர் சுருதியும் கலக்காத தன் கூடத்தில் பதிந்தாள், கூலியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வந்தாள், ஒதுக்கியது போதும் என்றானதும் ஒரு நண்பகலில் மதினி வீட்டுக்குப் போனாள்.

“எவ்வளவு மதினி? தள்ளுபடி போனதையும் சேத்துச் சொல்லுங்க.”

“உங்க அண்ணன் தொலைச்சத நான் கட்டுனேன். உனக்கு இதுல என்ன?”

“அண்ணன் எனக்குக் கொடுக்கவேண்டியத நான் அண்ணங்கிட்டக் கேட்டுக்கிடுதேன். உங்களுக்கு நான் கொடுக்கவேண்டியத நீங்க சொல்லுங்க.”

கொல்லைப்பக்கத்துக் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. உலகம்மாள், தள்ளுபடியும் வங்கிக் கமிஷனும் சேர்த்து இருபத்தேழாயிரத்து நானூற்று அறுபது என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஆனா வேண்டாம் வடிவு. தெய்வநாயகத்துக்கு என்னாச்சுன்னு தெரியும்லா?”

தெரியும். கொடைக் காலத்துக்கு முன்பே, அப்பா மட்டும் ஒலிக்கிறாரே என்ற பொறாமையில் மகன் பணத்தை எண்ணி அவர் மேசையில் வைத்துவிட்டான். கடைசி நோட்டு விழுந்த கணத்தில் தகப்பனாரின் சுருதி அறுந்தது, மகனின் நெஞ்சில் தொடங்கிற்று. அன்றுமுதல் தகப்பனார் சோடாப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் தம் நெஞ்சை ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்.

“கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த வீட்டுல டி.வி. சத்தம் உங்க அண்ணனோடது, வாசல்ல மணி பால்காரனோடது. என்னோடதுன்னு ஒரு சத்தம் இப்பத்தான் வந்திருக்கு. ராத்திரி அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குதேன். காசு எனக்கு எதுக்கு?”

“கடனோட என்னால இருக்கமுடியாது, மதினி.”

“எனக்காக இரேன்.”

 செண்பகவடிவு அடுக்களைத் தரையில் கால்மடக்கி அமர்ந்து, கட்டை அவிழ்த்து, நோட்டுகளை அடுக்கினாள். சில்லறையை அவற்றின்மேல் வைத்தாள். ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தாள். பிறகு, வாழ்நாளில் எவர் கணக்கிலும் குறை வைத்திராத அந்தக் கை, சில்லறையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தன் பணப்பைக்குள் போட்டு, மூடியை அழுத்திச் சாத்தியது.

பணத்தை மதினியின் பக்கம் நகர்த்தினாள். உலகம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தரைக் கட்டை அறுபடவில்லை. அடுக்களையில், பாத்திரங்களில், நின்றிருந்த எந்திரத்தின் கல்லில் பட்டுப் பட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது.

“எண்ணிப் பாத்துக்கிடுங்க,” என்றாள் செண்பகவடிவு.

உலகம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒலித்துக்கொண்டே, ஒவ்வொன்றாக எண்ணினாள்: இருபத்தேழாயிரத்து நானூற்று ஐம்பத்தொன்பது ரூபாய்.